காணொலியில் ஒலி பழகும் இளைஞர்கள்: உறுமிக்குப் பாடம் எடுப்பது யார்?

கோலாலம்பூர் - உள்ளூர் இளைஞர்கள் யூடியூபில் வெளியிடும் தமிழ்ப் பாடல்களில் ஒரு பத்தை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் ஒன்று பிடிபடும். பாடகர் வேறு, வரிகள் வேறு, மெட்டும் வேறு. ஆனால் அடியில் அதிரும் பேஸ், பல்லவிக்கு முன் சீறிக்கொண்டு ஏறும் ஒலி, நடுவில் வரும் விசில் போன்ற 'லீட்' ஆகியவை மட்டும் எங்கேயோ கேட்டவையாக இருக்கும். கேட்டவைதான். ஒரே மென்பொருளில், ஒரே பெயர் போட்ட பொத்தானை அழுத்தி எடுத்த ஒலிகள் அவை.

இந்தப் பொத்தான்களுக்குப் 'பிரீசெட்' என்று பெயர். மென்பொருள் நிறுவனம் முன்கூட்டியே செய்து வைத்த ஒலி. அதைப் பயன்படுத்துவது தப்பில்லை. உலகப் புகழ்பெற்ற பாடல்களிலும் பிரீசெட் உண்டு. திருமண மண்டபத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுவுக்கு, படத்தில் கேட்ட அதே ஒலிதான் வேண்டும். அங்கே போய்ப் புதுமை செய்தால் ஆடுகிறவர்கள் உட்கார்ந்து விடுவார்கள். கேள்வி அது இல்லை. சொந்தமாகப் பாட்டு செய்து, சொந்தப் பெயரில் வெளியிட்டு, அதில் பிழைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யார் சொல்லித் தருகிறார்கள் என்பதுதான்.

இன்று அதற்கான பதில் ஏறக்குறைய ஒன்றே: யூடியூப் காணொலிகள்.

சிந்தசைசர் என்பதைப் பலர் கீபோர்டு என்றே நினைக்கிறார்கள். கீபோர்டில் உள்ள பியானோ ஒலி பெரும்பாலும் யாரோ வாசித்துப் பதிந்த ஒலி. சிந்தசைசர் வெறும் மின்னலையில் தொடங்கி ஒலியைப் புதிதாகச் செய்கிறது. 'ஆஸிலேட்டர்' அலையை உண்டாக்கும். 'ஃபில்டர்' அதில் வேண்டாத பகுதியை வடிகட்டும். ஒலி எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும், விரலை எடுத்ததும் எப்படி அடங்க வேண்டும் என்பதை 'என்வலப்' முடிவு செய்யும். மெதுவாக ஆடும் இன்னோர் அலை, 'எல்எஃப்ஓ', இவற்றில் எதையும் அசைத்துக்கொண்டே இருக்கும். அடிப்படை இவ்வளவுதான். இந்த நான்கையும் கலந்து வேண்டிய ஒலியைச் செய்வதுதான் சிந்தசைசர் புரோகிராமிங். பழைய கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர் பெயருக்குக் கீழே 'கீபோர்டு புரோகிராமிங்' என்று ஒரு பெயர் இருந்ததை வீட்டுப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அந்த வேலை இது.

பொத்தான் பழக்கம் இந்தத் தலைமுறை கொண்டு வந்ததும் இல்லை. 1983-இல் யமாஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரை வெளியிட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் இயங்கிய கருவி. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை வேகமாக அசைத்தால் புதுப்புது ஒலிகள் பிறக்கும் என்பதே அந்த முறை. மணியோசை அதில் அபாரமாக வரும். இரண்டு அலைகளின் வேகமும் முழு எண் விகிதத்தில் இல்லாமல், உதாரணமாக 1-க்கு 1.4 என்று இருந்தால், கோவில் மணியின் கணீர் கிடைக்கும். டிஎக்ஸ்7 ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் புரோகிராம் செய்யக் கடினமான கருவி. ஆறு அலைகள், அவற்றை இணைக்க 32 வழிகள், பார்க்க ஒரு சின்னத் திரை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளே இருந்த ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் பாடல்கள் பலவற்றில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ கேட்பதற்குக் காரணம் அதுதான்.

அதன் விலை அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 டாலர். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம் கனவில்கூடத் தொட முடியாத தொகை. கருவி கையில் இருந்தவர்களுக்கே அதைத் திறந்து பார்க்க வாய்ப்பு இருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் 1992-இல் 'ரோஜா'வுக்கு இசையமைப்பதற்கு முன்பு பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர், புரோகிராம் செய்து கொடுத்தவர். தந்தை ஆர்.கே. சேகர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சமாளித்தது. வறுமை இருந்தது, ஆனால் வீட்டில் கருவியும் இருந்தது. திறமை ஒருபக்கம் இருக்க, இந்த இரண்டாவது விஷயம் எத்தனை பேருக்கு வாய்த்தது?

காணொலி உடைத்தது இந்தச் சுவரைத்தான். அதற்கு முன் எழுத்தில் நல்ல பாடங்கள் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழில் 1999 முதல் 2004 வரை 63 பகுதிகளாக வந்த 'சிந்த் சீக்ரெட்ஸ்' தொடரை இன்றும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் "ஃபில்டரைத் திறந்தால் ஒலி பிரகாசமாகும்" என்று பத்து முறை படித்தாலும், காதால் ஒருமுறை கேட்பதற்கு ஈடாகாது. காணொலியில் திரையில் குமிழ் திரும்புவதும் ஒலி மாறுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. புரியாவிட்டால் பத்து விநாடி பின்னால் போகலாம். ஆசிரியர் சலித்துக்கொள்ள மாட்டார். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் பிள்ளைக்கு, அந்த நேரத்தில் திறந்திருக்கும் வகுப்பு வேறு எது?

கருவியின் விலையும் இறங்கிவிட்டது. மின்னணு இசைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் 'சீரம்' என்ற மென்பொருள் 2014-இல் 189 டாலருக்கு வந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 800 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட் என்பதோடு ஒப்பிட்டால், ஒரு மென்பொருளுக்கு மட்டும் கிட்டத்தட்ட அரை மாதச் சம்பளம். ஆனால் 2020-இல் வெளியான 'வைட்டல்' அதே வகையைச் சேர்ந்தது, அதன் அடிப்படைப் பதிப்புக்குக் கட்டணம் இல்லை. 'சர்ஜ்' என்ற இன்னொன்று 2018 முதல் திறந்த மூல மென்பொருளாகவே கிடைக்கிறது. ஏபிள்டன் நிறுவனம் நடத்தும் கற்றல் தளத்தில், எதையும் நிறுவாமல் உலாவியிலேயே சிந்தசைசரைத் திருப்பிப் பழகலாம். திருட்டுப் பதிப்பைத் தேடி அலைந்து, கணினியில் வைரஸ் ஏற்றிக்கொள்ளும் கட்டாயம் இப்போது யாருக்கும் இல்லை. இது தெரியாமலேயே இன்னும் அலைகிறவர்கள் உண்டு என்பது வேறு கதை.

பிறகும் ஏன் எல்லாப் பாட்டிலும் அதே ஒலி?

ஒரு காரணம், காணொலிப் பாடம் எளிதில் சமையல் குறிப்பாகிவிடுகிறது. ஆசிரியர் ஃபில்டரை 40 விழுக்காட்டில் வைக்கிறார், மாணவரும் 40-இல் வைக்கிறார். கடைசியில் ஆசிரியரிடம் கேட்ட அதே ஒலி மாணவரிடமும் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ஏன் 40, ஏன் 60 இல்லை என்பது மாணவருக்குத் தெரியாது. மறுநாள் திரையை மூடிவிட்டுத் தானாகச் செய்யச் சொன்னால் கை நிற்கும். ஒரு பிரீசெட்டை அரை மணி நேரம் செலவழித்து நகல் எடுத்தது போலத்தான் ஆகிறது. அதிலும், அதிகம் பார்க்கப்படும் தலைப்பு எது என்று பார்த்துத்தான் பாடம் தயாராகிறது: இன்ன பாடகரின் பேஸ், இன்ன டிஜேயின் லீட். 'சின்டோரியல்' என்ற பயிற்சி மென்பொருள் இதற்கு மாற்று வழி காட்டியது. காணொலியில் ஒரு குமிழை விளக்கிவிட்டு, ஓர் ஒலியை ஒலிபரப்பி, அதைக் காதால் மட்டும் கேட்டு நீயே செய் என்கிறது. செய்ததும் எது சரி, எது தவறு என்று காட்டுகிறது. சங்கீத வகுப்பில் குரு பாட, சீடன் திருப்பிப் பாடும் முறைதான் இது. யூடியூபில் சீடன் பாடியதைக் கேட்க ஆளில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது, ஆனால் பலர் கவனிக்காதது. பாடத்தை எதில் கேட்கிறார்கள்? கைப்பேசியில். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. பேஸ் ஒலியின் அடித்தளமோ 40 முதல் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஆசிரியர் "இப்போது வித்தியாசத்தைக் கேளுங்கள்" என்கிறார். கைப்பேசியில் வித்தியாசமே இல்லை. மாணவர் தனக்குப் பேஸ் கேட்கும்வரை ஏற்றிக்கொண்டே போகிறார். அந்தப் பாட்டு மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கரில் ஓடும்போது அடியில் குமுறி, பாடகர் குரலையே விழுங்கிவிடுகிறது. உள்ளூர் வெளியீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை இது. பழி திறமை மேல் விழுகிறது. ஓரளவு நல்ல ஹெட்ஃபோன் ஒன்று இருந்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

மூன்றாவது மொழி. பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். தமிழிலும் காணொலிகள் வருகின்றன, ஆனால் அவற்றில் அதிகம் இருப்பது மென்பொருளை நிறுவுவது, குரலைப் பதிவது, பாட்டை மிக்ஸ் செய்வது பற்றியவை. ஒலியை அடியிலிருந்து செய்வது பற்றித் தமிழில் வரிசையாகச் சொல்லித் தருபவை குறைவு. இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் 'என்வலப்' கடித உறையாகிறது, 'அட்டாக்' போர்க்களத்துத் தாக்குதலாகிறது. சிரிப்பு வரும், பாடம் வராது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அகராதியில் தேட வேண்டாம், கோவிலில் தேவாரமும் சங்கீதமும் சொல்லித் தரும் வாத்தியாரைக் கேட்டால் போதும். ஒரு சுரத்தைப் பிடித்தபடி நிறுத்துவது கார்வை. அப்படி நிற்கும்போது ஒலி எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதைத்தான் என்வலப்பில் 'சஸ்டெயின்' கட்டுப்படுத்துகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது ஜாரு. சிந்தசைசரில் 'கிளைடு' குமிழ். சுரத்தை அசைப்பது கம்பிதம். எல்எஃப்ஓவைச் சுருதியோடு இணைத்தால் அதற்கு நெருங்கிய ஒன்று கிடைக்கும். நெருங்கியது மட்டுமே, ஏனென்றால் எல்எஃப்ஓ கடிகாரம் போல ஒரே சீராக ஆடும், பாடகரின் கம்பிதம் அப்படி ஆடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லும்போதே பாடம் பாதி முடிந்துவிடும். சங்கீதம் கற்ற பிள்ளைக்கு இச்சொற்கள் வழியாகச் சொன்னால் அரை மணியில் புரிவது, ஆங்கிலப் பெயர்களின் வழியே சொன்னால் வாரக் கணக்காகும்.

சொல்லோடு இது நிற்கவும் இல்லை. சிந்தசைசர்களை ஒன்றோடொன்று பேச வைக்க 1983-இல் வந்த 'மிடி' முறை, சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண் கொடுத்தது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அரைச்சுரம். பியானோவுக்குப் பொருந்தும் ஏற்பாடு. நாதஸ்வரம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவேதான் குடியிருக்கிறது. அதைக் கீபோர்டில் கொண்டுவர, சுரத்தை வளைக்கும் சக்கரத்தின் எல்லையை விரிக்க வேண்டும். வழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரத்தோடு நின்றுவிடும். இதை மாற்றலாம் என்பதுகூடத் தெரியாமல், "கீபோர்டில் நாதஸ்வரம் சரியா வராது" என்று விட்டுவிட்டவர்கள் பலர்.

இனி உறுமிக்கு வருவோம். தைப்பூசத்தில் பத்துமலைக்குப் போனவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காவடியின் முன்னால் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வாசிக்கும் கருவி. தோட்டங்கள் போய் தாமான்கள் வந்த பிறகும் கைவிட்டுப் போகாத ஒன்று. அதன் ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கிறார்கள், மறுமுகத்தில் மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள். தேய்க்கும்போது எழும் அந்த முனகல்தான் உறுமியின் உயிர்.

அதைச் சிந்தசைசரில் எப்படிச் செய்வது? முதலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வயலினில் வில் நரம்பைப் பிடித்து இழுத்து நழுவ விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. உறுமியில் குச்சி தோலை அப்படியே பிடித்துப் பிடித்து விடுகிறது. இப்படிப் பிறக்கும் அலை மெதுவாக ஏறிச் சட்டென்று விழும், ரம்பப் பல் போல. எனவே ஆஸிலேட்டரில் 'சா' அலையில் தொடங்கலாம். நேரடியாகக் கேட்டால் கூச்சலாக இருக்கும், ஆகவே ஃபில்டரைப் பாதிக்குக் கீழே மூடி, மூடும் இடத்தில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் தோல் போர்த்திய உடலின் கனம் வரும். குச்சியின் அழுத்தம் மாற மாற ஒலி ஏறி இறங்குகிறது; ஓர் என்வலப்பைச் சுருதியோடு இணைத்து, கால் விநாடியில் நான்கைந்து அரைச்சுரம் ஏறி வழுக்கி இறங்கும்படி வைக்க வேண்டும். உராய்வின் சொரசொரப்புக்குச் சிறிது இரைச்சல் சேர்க்க வேண்டும். மறுமுக அடிக்குத் தனியாக ஒரு துடிப்பு, எழுந்த உடனே அடங்குவது. கடைசியாக, கீபோர்டின் இடப்பக்கச் சக்கரத்தைச் சுருதியோடும் ஃபில்டரோடும் ஒருசேரக் கட்டிவிட்டால், வாசிப்பவர் கையால் முனகலை ஏற்றி இறக்கலாம்.

பதிந்த உறுமி ஒலியை இணையத்திலிருந்து இறக்கிப் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் பதிவில் உள்ள உறுமி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முனகும். மேலே சொன்னபடி செய்தது, கையின் அழுத்தத்துக்கு ஏற்ப முனகும். முதல் முயற்சியில் அது உறுமி போல இருக்காது. சில நேரம் பூனை போலக் கத்தும். எந்தக் குமிழ் தவறு என்று காதால் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கலையில் கற்க வேண்டியது. இதைச் சொல்லித் தரத் தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு உறுமி தெரியும், இன்னொருவருக்கு வைட்டல் தெரியும். பெரும்பாலும் இருவரும் ஒரே தாமானில் இருக்கிறார்கள், சில நேரம் ஒரே வீட்டில். ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் ரசனை விஷயம், பிழைப்புக்கு என்ன சம்பந்தம் என்று ஒதுக்க முடியாத காலம் இது. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையும் பாடித் தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் வந்துவிட்டன. 'சூனோ', 'யூடியோ' ஆகிய இரண்டின் மீதும், தங்கள் பாடல்களை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுத்ததாகக் கூறி யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. வழக்குகளின் போக்கு எதுவானாலும் இந்தச் சேவைகள் மறையப் போவதில்லை. பிறந்தநாள் பாட்டு, கடை விளம்பரம், கல்யாணக் காணொலியின் முன்னிசை என்று நம் பிள்ளைகள் சில நூறு ரிங்கிட்டுக்குச் செய்து கொடுக்கும் வேலைகளைத்தான் அவை முதலில் தொடும். பிரீசெட்டை அடுக்கி, வாங்கிய 'லூப்'பை ஒட்டிச் செய்யும் வேலையை இயந்திரம் நிமிடத்தில் முடித்துவிடும். அது கேட்டிராத ஒலியைச் செய்யத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். நிரந்தரப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, அவகாசம்தான்.

உரிமைச் சிக்கலும் இருக்கிறது. கட்டணமின்றி எல்லாரும் பயன்படுத்தலாம் என்று விற்கப்படும் லூப்பை ஒருவர் தன் பாட்டில் சேர்க்கிறார். அதே லூப் உள்ள பாட்டை வேறு யாரோ யூடியூபின் உரிமை அடையாள முறையில் பதிந்து வைத்திருந்தால், நம்மவர் பாட்டின் மீது உரிமைக் கோரிக்கை வந்து விழும், விளம்பர வருமானம் நிற்கும். முறையிட்டு மீட்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி, வாரக்கணக்கில் காத்திருந்து. சொந்தமாகச் செய்த ஒலியில் இந்தத் தலைவலி குறைவு.

இதற்கெல்லாம் பெரிய திட்டம், மானியம் என்று தொடங்கினால் கோப்பு நகர்வதற்குள் இன்றைய மென்பொருள் பழசாகிவிடும். முறையாக இசை படிக்க விரும்புவோருக்குக் கோலாலம்பூரில் அஸ்வாராவும் தஞ்சோங் மாலிமில் உப்சியும் இருக்கின்றன. அங்கே போக முடியாதவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. காணொலியை ஒதுக்க வேண்டியதில்லை, அதில் இல்லாததை மட்டும் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரு பாலாய் ராயா, மாதம் இரண்டு ஞாயிறு, ஒரு மடிக்கணினி, திருவிழாவுக்கு வெளியே எடுக்கும் அந்தப் பெரிய ஸ்பீக்கர். வருபவர்கள் வீட்டில் காணொலி பார்த்துச் செய்த ஒலியை அதில் ஒலிபரப்ப வேண்டும், மற்றவர்கள் கேட்டுக் குறை சொல்ல வேண்டும். கைப்பேசியில் கேட்காத பேஸ் அங்கே கேட்கும். அங்கே நடப்பதைப் படம்பிடித்துப் போட்டால், நம் ஊர்த் தமிழில் ஒரு பாடத் தொடர் தானாகவே உருவாகும். முதல் பாடத்துக்கு வேண்டிய ஒலி அடுத்த தைப்பூசத்தில் கிடைக்கும். வாசிக்கும் அண்ணனிடம் அனுமதி கேட்டு, கூட்டத்துக்கு வெளியே தனியாக ஒருமுறை உறுமியைத் தேய்த்துக் காட்டச் சொல்லிப் பதிய வேண்டும்.